கலங்கிய தண்ணீரில் ஒரு பேரம்

முதலில் சொன்ன விலைக்கு நான் எந்தப் பொருளையும் வாங்கியது கிடையாது. பொருளை விடுங்கள். பல் டாக்டர் "ரெண்டு பல்லைப் பிடுங்கணும்" என்றார். ஒன்றோடு முடித்தேன். காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் "பத்து நாள் படுத்தே இருக்கணும்" என்றார். மூன்று நாளுக்குக் கொண்டுவந்தேன். நாலாம் நாள் கடை வாசலில் மயங்கி விழுந்தேன் என்பது உண்மைதான். விழுந்தேனே தவிர, பேரத்தில் விழவில்லை.

பழைய மரச்சாமான்களை வாங்கி, ஆடுகிற காலை முடுக்கி, பாலிஷ் போட்டு விற்பது என் தொழில். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம். மீதிப் படிப்பை வாழ்க்கை தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. அது கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். எதிராளி எதைச் சொன்னாலும் "முடியாது" என்று ஆரம்பி. கோபமாக ஆரம்பி. மற்றவர்களுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வேண்டும். எனக்குக் காலையில் கண் விழித்தால் போதும்.

இப்பேர்ப்பட்டவனை ஒரு கண்ணாடித் தொட்டி மண்ணைக் கவ்வ வைத்தது. எப்படி என்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

அந்தப் பல் டாக்டர் கிளினிக்கைப் பெரிய இடத்துக்கு மாற்றினார். பழைய நாற்காலிகளை எடுக்க என்னைக் கூப்பிட்டார். நான் அடித்த பேரத்தில் பாவம், பல் டாக்டரே பல்லைக் கடித்தார். கடைசியில், "இந்த மீன் தொட்டியையும் தூக்கிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கொசுறு! நாலடி நீளத்துக்குக் கொசுறு வாங்கியவன் என் தொழிலில் வேறு யாராவது உண்டா?

அன்றைக்கு என் மனைவியும் கூட வந்திருந்தாள். நான் நாற்காலிக்காகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவள் உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். புது இடத்துக்கு அத்தனை ஜன்னல் திரையும் தைக்கிற வேலை அவளுக்கு. மாசக் கடைசியில் துணி வந்துவிடும். சத்தமே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தொட்டியைக் கூடத்து ஜன்னலோரம் வைத்தேன். வெளிச்சம் நேரே விழுகிற இடம். தெருவில் போகிறவன் வருகிறவன் கண்ணுக்கெல்லாம் படும்.

"ஏங்க, இது எதுக்கு?"

"வீட்டுக்கு அழகு."

"அழகுதான் வேணும்னா ஒட்டடை அடிக்கலாமே. அது நான் தையல் மெஷினுக்குப் பார்த்து வெச்சிருந்த இடங்க."

"மெஷின் பெட்ரூம்ல இருக்கே."

"இருக்கு. உங்க சட்டையெல்லாம் சுமந்துக்கிட்டு. அது தைச்ச சட்டையைவிடத் தாங்கின சட்டைதான் அதிகம். அந்த இருட்டுல ஊசிக் காது எங்க, என் காது எங்கன்னே தெரியறதில்லை."

"லைட்டைப் போட்டுக்கோ" என்றேன். பேச்சு முடிந்தது. குறைந்தபட்சம் என் தரப்பில்.

கடைத்தெரு மீன்கடையில் ஐந்து தங்க மீன்கள் வாங்கிவந்து விட்டேன். அதில் ஒன்று தடியன். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடும்.

"இதுக்கு முதலாளின்னு பேர் வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி.

"ஏன்?"

"ஓயாம வாய் அசையுது. யாரும் காதுல வாங்கறதில்லை."

முதல் நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் லேசாகப் புகை. அதற்கும் மறுநாள் முதலாளியின் வால் தெரிந்தால் தலை தெரியவில்லை. மாடி வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், படியிறங்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், மீனைப் பால்ல வளர்க்கறீங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். அவர் மேல் காட்ட முடியாது, வயதானவர். தொட்டி மேல் காட்டினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினேன். கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தண்ணீரை வடிகட்டும் குட்டி மோட்டாருக்குள் ஒரு பஞ்சு இருக்கும். அதை வெந்நீரில் போட்டு அலசி, தரையில் போட்டு மிதித்து, முறுக்கிப் பிழிந்தேன். புதுத் தண்ணீர் விட்டேன். பளிங்கு! இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மாடியைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

இரண்டே நாள். மறுபடி பால்.

மறுபடி இறைத்தேன். மறுபடி பால். நான் இறைக்க இறைக்க அது கலங்கியது. அது கலங்கக் கலங்க நான் கத்தினேன். நடுவில், கடையிலிருந்து வரும்போதெல்லாம் மீன்கள் கண்ணாடியில் முட்டி வாயைப் பிளக்கும். பசி பாவம் என்று கை நிறையத் தீனி அள்ளிப் போடுவேன். நான் கஷ்டப்பட்டு வளர்ந்தவன். எதிரே நிற்கிற வயிறு காலியாக இருந்தால் பொறுக்காது.

"ஏங்க, பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க. கலங்கின தண்ணி தானாத் தெளியும். கொஞ்ச நாள் சும்மா விடுங்களேன்" என்றாள் மனைவி.

"சும்மா விடறதா? சும்மா இருந்து முன்னேறினவன் ஒருத்தனைக் காட்டு!"

"மீனு ரொம்ப மிரளுதுங்க."

"மிரளட்டும். அப்பதான் தண்ணியை ஒழுங்கா வெச்சுக்கும்."

நேரே மீன்கடைக்குப் போனேன். தண்ணீர் தெளியும் மருந்து ஒரு பாட்டில் கேட்டேன். கடைக்காரத் தம்பி, "அண்ணே, மருந்தெல்லாம் அவசியமில்லை, முதல்ல தண்ணியை எப்படி மாத்தறீங்கன்னு சொல்லுங்க" என்று என்னவோ ஆரம்பித்தான். வியாபாரி பேச்சை வளர்த்தால் விலையை ஏற்றப் போகிறான் என்று அர்த்தம். வாயை அடைத்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அவனையே சொல்ல வைத்து, இரண்டு பாட்டிலோடு திரும்பினேன். இலவசமாக வந்ததை வீணாக்கலாமா? இரண்டையும் ஊற்றினேன்.

பால் நீலப்பால் ஆனது.

அன்று சாயங்காலம் முதலாளி மேலே வரவில்லை. தொட்டி மூலையில், கூழாங்கல்லோடு கல்லாக, ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. என் மனைவி கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். திட்டுவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். திட்டவில்லை.

"பாவங்க. போயிடும் போல இருக்கு" என்றாள்.

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்குத் துக்கம் வந்தாலும் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

"போகாது! போக விடமாட்டேன்! மாசக் கடைசிக்குள்ள இந்தத் தண்ணியைத் தெளிய வைக்கலைன்னா என்னை என்னன்னு கேளு!"

"என்னன்னு கேட்டு என்ன ஆகப்போகுது? ஜன்னலைக் கொடுங்க."

"என்னது?"

"தெளியலைன்னா ஜன்னலோரம் எனக்கு. துணி வந்துடும், எனக்கு வெளிச்சம் வேணும்."

"தெளிஞ்சா?"

"தொட்டி அங்கேயே இருக்கட்டும். நான் பெட்ரூம்லயே கண்ணைக் கெடுத்துக்கறேன்."

ஜன்னல் கம்பியில், தொட்டிக்குப் பின்னால், நாள்காட்டியை மாட்டினோம். மாசக் கடைசியில் நான் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் வழியாகத் தேதியைப் படிக்க வேண்டும். அதுதான் பந்தயம். ஒரு மீனின் உயிரும் ஒரு ஜன்னலின் வெளிச்சமும் அந்தத் தண்ணீரில் தொங்கின. என் மானம் தனிக் கணக்கு.

மறுநாள் அவள் நூல் வாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். வந்ததும் வராததுமாக என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க செய்யறது பத்தலை. தண்ணி தெளியணும்னா தினமும் ரெண்டு வேளை மொத்தத் தண்ணியையும் மாத்தணும்."

எனக்கு முன்னால் என் இடுப்பு அலறியது.

"ரெண்டு வேளையா? நான் என்ன தண்ணி லாரியா?"

"சரி, ஒரு வேளை. காலையில மட்டும்."

எதிராளி ஒரு படி இறங்கிவிட்டாள். எனக்கு ரத்தம் சூடேறியது.

"வாரத்துக்கு ஒரு தடவை!"

"ஐயையோ, கட்டுப்படியாகாதுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"வாரம் ஒண்ணு."

"உங்க முகத்துக்காக வாரம் மூணு."

"உங்க முகத்துக்காகன்னு நான் கடையில எத்தனை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கேன் தெரியுமா? வாரம் ஒண்ணு. இல்லைன்னா நான் கிளம்பறேன்."

செருப்பையே மாட்டிவிட்டேன். கிளம்புகிற மாதிரி கிளம்புவதுதான் பேரத்தில் பிரம்மாஸ்திரம்.

"சரி, சரி, வாங்க. வாரம் ஒண்ணே. ஆனா மொத்தத் தண்ணியும்."

"பாதி."

"முக்கால்."

"கால்!"

"அது என்ன நியாயம்? நான் முக்காலுக்கு வந்தா நீங்க பாதியை விட்டுக் காலுக்குப் போறீங்க?"

"அதாண்டி தொழில். கால்வாசி. மேல ஒரு சொட்டு கிடையாது."

அவள் பெருமூச்சு விட்டாள். நான் விடவில்லை. அடிபட்ட எதிராளியை ஆற விடக் கூடாது.

"அடுத்து என்ன?"

"மூணு வேளையும் கைநிறையத் தீனி..."

"ஒரு வேளை. ஒரு சிட்டிகை."

"பஞ்சையாவது தினமும் வெந்நீர்ல நல்லாத் தேய்ச்சு..."

"அதுக்கு வேற நல்ல தண்ணியா? இறைக்கிற அழுக்குத் தண்ணியிலயே ஒரு அலசு. வாரத்துக்கு ஒண்ணு. போதும்."

"மருந்து இன்னும் ரெண்டு பாட்டில்..."

"ஒரு சொட்டுக்கூட வாங்க மாட்டேன்!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி விடு, வியாபாரம்னா அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி, கையில் கை அடித்துப் பேரத்தை முடித்தேன். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவளை இப்படி மடக்கியதே இல்லை. இரண்டு வேளைத் தண்ணீரை வாரம் கால் தொட்டிக்கு அடித்திருக்கிறேன்! இந்தப் பேரத்தைக் கல்லில் வெட்டி வைக்கலாம்.

பேரம் எளிது. சும்மா இருப்பதுதான் கஷ்டம். முதல் சில நாட்கள் தண்ணீர் அப்படியே கிடந்தது. கை அரித்தது. ஒரு காலையில் பொறுக்க முடியாமல் வாளியை எடுத்தேன்.

"அப்பாடி! மாத்தப் போறீங்களா?" அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "மாத்துங்க, மாத்துங்க. நான் அப்பவே சொன்னேன்ல, தினமும் மாத்தணும்னு. கடைசியில என் வழிக்குத்தான் வந்தீங்க."

வாளியைக் கீழே வைத்தேன். முடித்த பேரத்தை மாற்றுவதா? அதுவும் அவள் சொன்ன விலைக்கு? உயிர் போனாலும் முடியாது.

தீனி டப்பாவைத் தொட்டால், "நல்லா அள்ளிப் போடுங்க, சிட்டிகை எப்படிங்க போதும்?" என்பாள். உடனே ஒரு சிட்டிகையோடு மூடிவிடுவேன். மாடி வீட்டு வாத்தியார் தினமும் எட்டிப் பார்த்து, "பால் இன்னும் தயிராகலையா சார்?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதையும் நான் ஆக்ரோஷமாகத்தான் செய்தேன்.

பிறகு ஒரு நாள், டீ குடிக்கும்போது, தொட்டிக்குள் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. நாள்காட்டியின் சட்டம். மறுநாள் எண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு நிழல். அதற்கும் மறுநாள் முதலாளி மூலையை விட்டு எழுந்தது. ஆடி அசைந்து மேலே வந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூடியது.

"வந்துட்டாண்டி! வந்துட்டான்! ஓடி வா!" என்று நான் கத்திய கத்தலில் மாடி வாத்தியார் கண்ணாடி போடாமலே இறங்கி வந்துவிட்டார்.

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர். அது தெளிந்த தண்ணீர். பந்தயத்தில் தோற்கப் போகிறவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மாசக் கடைசி அன்று சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, தண்ணீர் வழியாகத் தேதியை மட்டுமல்ல, கீழே பொடி எழுத்தில் அச்சடித்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தேன். அதே நேரம் வாசலில் திரைத் துணி மூட்டை வந்து இறங்கியது. மனைவி மூட்டையை இழுத்துக்கொண்டு பெட்ரூம் இருட்டுக்குள் போனாள்.

வெற்றியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் புழுங்கிவிடும். மீன்கடைக்குப் போனேன்.

"தம்பி, தண்ணி தெளிஞ்சுடுச்சு! உன் மருந்து ஒண்ணுக்கும் ஆகலை. எல்லாம் நம்ம மூளை. வாரம் ஒரு தடவை, கால்வாசித் தண்ணி, ஒரு சிட்டிகைத் தீனி..."

"பஞ்சை அதே தண்ணியில ஒரு அலசு" என்று அவன் முடித்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானேண்ணே அக்காகிட்ட சொன்னேன்! புதுத் தொட்டின்னா முதல்ல கலங்கும். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி வளர்ந்தாத்தான் தண்ணி தெளியும். மொத்தமா மாத்தி, பஞ்சையும் வெந்நீர்ல போட்டா அதெல்லாம் அழிஞ்சு மறுபடி முதல்லேருந்து கலங்கும். இதை அவங்க வந்து கேட்டாங்க, சொன்னேன். 'இப்படிச் சொன்னா எங்க வீட்டுக்காரர் செய்ய மாட்டார், நான் எட்டு மடங்கு ஏத்திச் சொன்னாத்தான் சரியா இங்க வந்து நிப்பார்'னு சிரிச்சுக்கிட்டே..."

என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். பிறகு பயத்தில் இன்னொன்றையும் உளறினான்.

"ஜன்னலோரம் வேண்டாம், வெயில் பட்டாத் தண்ணி பச்சையாயிடும்னும் சொன்னேண்ணே."

எனக்குத் தண்ணி காட்டியிருக்கிறாள்! என் பேரத்தை வைத்தே என்னைப் பேரம் பேசியிருக்கிறாள்! வழி முழுக்கப் பொருமிக்கொண்டே நடந்தேன். நடக்க நடக்க மூளை வேலை செய்தது. அவள் வழி இப்போது தெரிந்துவிட்டது. எட்டு மடங்கு கேட்பாள். நான் அடித்து இறக்குவேன். அவள் மனதில் நினைத்த இடத்தில் போய் நிற்பேன். அப்படியானால் பதிலடி என்ன? பேரமே பேசக் கூடாது! கேட்டதை அப்படியே கொடுத்துவிட வேண்டும். எட்டு மடங்கு தலையில் விழட்டும். வேண்டாததையெல்லாம் வைத்துக்கொண்டு திண்டாடட்டும்!

உள்ளே நுழைந்தேன். ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கலாமா?"

கேள். கேள். அதற்குத்தானே வந்தேன்.

"அந்த ஜன்னலோரம் முழுக்க எனக்கு வேணும். தொட்டி உள்சுவர் பக்கம் போகணும்."

"எடுத்துக்கோ."

"துணி வெட்ட உங்க கிடங்குல இருக்கற பெரிய தேக்கு மேசை வேணும்."

நல்ல ஆளுக்கு விற்க வேண்டுமென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மேசை. இருந்தாலும் பல்லைக் கடித்தேன். திண்டாடட்டும்!

"எடுத்துக்கோ."

"உங்க சட்டைக்கெல்லாம் வேற இடம் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கறேன். இன்னும் ஏதாவது?"

"இல்லைங்க. அவ்வளவுதான்."

வெற்றிப் புன்னகையோடு அவள் முகத்தைப் பார்த்தேன். திண்டாட்டத்தைத் தேடினேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, "சார், வரலாம்!" என்றாள். படியில் காத்திருந்த மாடி வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "தொட்டியை முதல்ல நகர்த்திடலாமா சார்? கால்வாசித் தண்ணி இறைச்சா ஆகாது, இதுக்கு நிறையவே இறைக்கணும்" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏண்டி... நீ எட்டு மடங்கு கேட்கலையா?"

"மீன்கடைத் தம்பி இப்பத்தாங்க போன் பண்ணினார். 'அக்கா, வாய் தவறி உளறிட்டேன், அண்ணன் கறுவிக்கிட்டே வர்றார்'னார். நீங்க யோசிச்சுக்கிட்டே நடந்தா எங்க வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் இன்னைக்குக் கறார் விலை. எனக்கு என்ன வேணுமோ அதை மட்டும் கேட்டேன்."

"முதல்லயே நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே. லைட்டைப் போட்டுக்கச் சொன்னீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறேன். அதுவும் மூன்று சாமான். வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"தேக்கு மேசைக்குக் கொசுறாவது ஏதாவது உண்டா?" என்றேன் ஈனக் குரலில்.

"இல்லாமலா? டாக்டரோட திரை அத்தனைக்கும் வளையம் கோக்கணும். அந்த வேலை உங்களுக்கு."

இப்போது சாயங்காலங்களில் ஜன்னலோரம் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. அவள் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. டாக்டர் இன்னொரு கிளினிக் திறக்கிறாராம். அந்தத் திரையும் இவளுக்குத்தான். உள்சுவரோரம் வெயில் படாமல் தண்ணீர் இன்னும் தெளிந்துவிட்டது. ஐந்து மீன்களும் கொழுத்துத் திரிகின்றன. நான் எதிரே உட்கார்ந்து வளையம் கோக்கிறேன். தடியன் கண்ணாடியருகே வந்து, வாயைத் திறந்து மூடி, என் வேலையை மேற்பார்வை பார்க்கிறது.

தண்ணீர் தெளிந்ததில் எல்லாமே தெளிவாகத் தெரிகிறது: இந்த வீட்டின் முதலாளி தொட்டிக்குள்தான் இருக்கிறார்.